குருவிக்கு எத்தனை பெரிய லென்ஸ்?

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு முருங்கை மரம். பூத்துவிட்டால் போதும், விடிந்ததும் விடியாததுமாகத் தேன்சிட்டுகள் வந்து இறங்கிவிடும். இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெயில் படும்போது ஆண் சிட்டின் கழுத்து ஊதாவும் பச்சையுமாக மின்னும் பாருங்கள், எந்தப் பட்டுத் தறியிலும் அப்படி ஒரு நிறம் நெய்து நான் கண்டதில்லை! ஒரு நாள் ஆசை தாங்காமல் செல்போனில் படம் எடுத்து, பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "முருங்கை நல்லாப் பூத்திருக்கும்மா!"

குருவி இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

அன்று பிடித்ததுதான் இந்தப் பைத்தியம். அப்போது எனக்கு வயது 51. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. அவருக்கு இன்னும் சில வருஷம் உத்தியோகம் பாக்கி. காலையில் இரண்டு மணி நேரம் எனக்கே எனக்கென்று கிடைத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் நயினார்குளம் வரை போய், கூழைக்கடாவையும் நீலத்தாழைக்கோழியையும் பார்த்துவிட்டு, அவர் காப்பி கேட்பதற்குள் திரும்பிவிடலாம்.

பறவையைப் படம் எடுக்க டெலிபோட்டோ லென்ஸ் வேண்டும் என்பது வரை எனக்கே தெரியும். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டுகிற நீளக் குழல் லென்ஸ். எதை வாங்குவது என்று நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தை. "600 எம்.எம். வாங்கிருங்கக்கா. குறைஞ்சதை வாங்கிட்டுப் பிறகு வருத்தப்படாதீங்க."

2021 தீபாவளிக்குச் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. இரண்டு வளையல் வாங்கியிருக்கலாம். லென்ஸ் வாங்கினேன். 150-லிருந்து 600 எம்.எம். வரை நீளும் ரகம். விலை லட்சத்தை ஒட்டி. எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்பதெல்லாம் எதற்கு? லென்ஸின் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் தேர்ந்தெடுத்தவள் மேல்தான். மகள் கல்லூரியில் படித்தபோது உபயோகித்த பழைய காமிராவில் அதை மாட்டித் தூக்கிப் பார்த்தேன். இரண்டே முக்கால் கிலோ!

முதல் மாதம் உற்சாகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதம் திரும்பி வரும்போது வலது தோள் கனத்தது. தைலம் தேய்த்தேன். மூன்றாவது மாதம், ஒரு நாள் தலை பின்ன முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் கை போகவே மாட்டேன் என்றது. மேல் அலமாரியிலிருந்து மிளகாய்த் தூள் டப்பாவை எடுக்க அவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. "ஒன் பீரங்கி பீரோவுல நல்லாத் தூங்குது" என்று அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா கையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டு, "தோள் இறுகிப் போச்சும்மா. என்ன வேலை செய்வீங்க?" என்று கேட்டார்.

"குருவி படம் எடுப்பேன் டாக்டர்."

அவருக்குச் சிரிப்பு. லென்ஸின் எடையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "லென்ஸாலதான் வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். நாப்பதுக்கு மேல பெண்களுக்கு இது தானாவும் வரும். சர்க்கரை இருந்தா இன்னும் சுலபமா வரும். ஆனா வலிக்கிற தோளை வச்சுக்கிட்டு அதைத் தூக்கினீங்க பாருங்க, அது தப்பு. மூணு கிலோ காய்கறிப் பையைத் தொங்கவிட்டுப் பிடிக்கிறதும், அதையே மூஞ்சிக்கு நேரா நீட்டிப் பிடிக்கிறதும் ஒண்ணு இல்லம்மா."

சர்க்கரையும் பார்த்தோம். இருந்தது. குருவி படத்தால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான், சரியான நேரத்தில் தெரிந்துகொண்டேன். தலைக்கு மேல் கை போவதற்குப் பத்து மாதம் ஆயிற்று. இந்த நோவு சிலருக்கு இரண்டு மூன்று வருஷம்கூட இழுக்குமாம்.

அந்தப் பத்து மாதமும் சும்மா இருக்கவில்லை. கை ஓய்ந்தால் வாயும் காதும் ஓயுமா? விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டேன், படித்தேன், பேப்பரும் பென்சிலுமாகக் கணக்குப் போட்டேன். முதலிலேயே இதைச் செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு நஷ்டத்துக்கு அந்த லென்ஸை விற்றிருக்க வேண்டாம். உங்களுக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பாட்டில், பிறகு கடை

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு பரீட்சை. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை நிரப்பி மூடுங்கள். அது இரண்டு கிலோ. இன்றைக்கு ஜனங்கள் அதிகம் வாங்கும் பெரிய ஜூம் லென்ஸ்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த எடைதான். சிக்மாவின் 150-600 கன்டெம்பரரி 1,930 கிராம். 2019-ல் வந்த சோனி 200-600 2 கிலோ 115 கிராம். 2015-ல் வந்த நிக்கான் 200-500 2 கிலோ 300 கிராம். காமிராவின் எடை இதற்கு மேல்.

இடது உள்ளங்கையைப் பாட்டிலின் அடியில் கொடுத்து, வலது கையால் கழுத்தைப் பிடித்து, கண்ணுக்கு நேரே ஒரு நிமிஷம் பிடியுங்கள். பறவை எப்போதும் நீங்கள் தூக்கிய உடனே பறக்காது. மீன்கொத்தி கம்பியில் உட்கார்ந்திருக்கும். இதோ பாயும், இதோ பாயும் என்று நாம் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கை நடுங்கிக் கீழே இறக்கிய அந்த நொடியில்தான் அது தண்ணீரில் விழும். ஒரு நிமிஷம் பிடித்து, அரை நிமிஷம் ஓய்ந்து, இதையே பத்துத் தடவை செய்ய முடிந்தால் உங்களுக்கு இரண்டு கிலோ லென்ஸ் சரிப்படும். தாராளமாக வாங்குங்கள். முடியவில்லையென்றால் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தோள் நம்முடையது.

எடை எங்கிருந்து வருகிறது தெரியுமா? நான் நீளம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். நீளத்தைவிட அகலம்தான் காரணம். லென்ஸில் எம்.எம். எண்ணுக்குப் பக்கத்தில் எஃப் 4, எஃப் 6.3, எஃப் 8 என்று இன்னொரு எண் போட்டிருக்கும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் வாயின் அகலம் வந்துவிடும். 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150 மில்லிமீட்டர். அவ்வளவு அகலமான வாய்! அத்தனை பெரிய கண்ணாடிகளைச் செதுக்கித் தேய்த்து அடுக்கினால் கனக்காமல் என்ன செய்யும்? கானனின் 600 எம்.எம். எஃப் 4 லென்ஸ், 2018-ல் வந்தது, எவ்வளவோ இளைத்தும் 3 கிலோவுக்கு மேல். விலையும் பத்து லட்சத்தைத் தாண்டும். அதே கம்பெனியின் 600 எம்.எம். எஃப் 11 லென்ஸ் 930 கிராம்தான். எம்.எம். ஒன்றே, எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வாய் 55 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தார். காட்டு மிருகங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பதில் மன்னன். காமிராவையும் லென்ஸையும் அங்கங்கே கிடைத்ததைச் சேர்த்துத் தானே பூட்டிக்கொண்ட பெரிய யந்திரம் ஒன்று வைத்திருந்தாராம். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயரும் வைத்திருந்தார். ஆனால் அவர் பல படங்களை யானை மேல் உட்கார்ந்து எடுத்தவர். நமக்கு யானை இல்லை, ஸ்கூட்டிதான்.

எட்டு வைத்தால் எம்.எம். கூடும்

இனி, எம்.எம். கணக்கு. பயப்படாதீர்கள், பால் கணக்கைவிடச் சுலபம். பறவையின் அளவை லென்ஸின் எம்.எம்.-ஆல் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். காமிராவுக்குள் பழைய நாளில் பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்ஸார் என்ற தகடு இருக்கிறது. அதன் மேல் பறவை எத்தனை மில்லிமீட்டர் விழும் என்பது இதில் கிடைத்துவிடும்.

நம் தேன்சிட்டு 10 சென்டிமீட்டர். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 400 எம்.எம். லென்ஸில் அது 4 மில்லிமீட்டராக விழும். என் காமிராவின் சென்ஸார் அகலம் 22 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குருவி இருக்கும். 600 எம்.எம். போட்டால் 6 மில்லிமீட்டர், அதாவது நாலில் ஒரு பங்கு. சரி, 400-ஐயே வைத்துக்கொண்டு ஐந்து மீட்டருக்குக் கிட்டப் போய்விட்டால்? 8 மில்லிமீட்டர்! மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இந்தக் கணக்கைப் போட்ட அன்று நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த 200 எம்.எம்.-க்காகத்தானே இரண்டு வளையலும் ஒரு தோளும் போயின? ஏழெட்டு எட்டு மெதுவாக எடுத்து வைத்திருந்தால் அதைவிடப் பெரிய குருவி கிடைத்திருக்குமே!

கிட்டப் போவது என்றால் விரட்டிக்கொண்டு போவது இல்லை. நம் வீட்டுத் தோட்டமாயிருந்தால் அவற்றுக்கு நம்மைப் பழகிவிடும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே நிறப் புடவையோ நைட்டியோ, ஒரே மோடாவில் உட்காருங்கள். நாலாவது நாள் நீங்கள் ஒரு பூந்தொட்டி. தவிட்டுக்குருவிகள் என் காலடியில் வந்து சண்டை போட்டிருக்கின்றன.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு லென்ஸுக்கும், இதற்கு மேல் கிட்டே வந்தால் எனக்குத் தெளிவாகத் தெரியாது என்று ஒரு எல்லை உண்டு. சற்று முன் சொன்ன கானன் 600 எஃப் 11-க்கு அது நாலரை மீட்டர். முருங்கைக் கிளை ஜன்னலிலிருந்து மூன்று மீட்டரில் இருந்தால் அந்த லென்ஸ் கண்ணை மூடிக்கொள்ளும்! கடையில் எல்லாரும் 'எவ்வளவு தூரம் எடுக்கும்' என்றுதான் கேட்கிறார்கள். 'எவ்வளவு கிட்ட எடுக்கும்' என்று நீங்கள் கேளுங்கள்.

இன்னொன்று. "இந்தச் சின்ன சென்ஸார் காமிராவில் 400 போட்டா 640 ஆயிரும்க்கா" என்று கடைப் பையன் சொல்வான். லென்ஸ் ஒன்றும் வளர்ந்துவிடுவதில்லை. பெரிய ஜன்னலுக்குப் பதில் சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம், சுற்றியுள்ளது வெட்டுப்பட்டுவிடுகிறது, நடுவில் இருப்பது பெரிதாகத் தெரிகிறது. அவன் சொல்வது பொய்யில்லை. குருவி எடுக்கிறவர்களுக்கு இது சௌகரியம்தான்.

கூந்தன்குளத்து ஆச்சி

தோள் தேறிய பிறகு, 2023 மார்ச்சில் கூந்தன்குளம் போனோம். திருநெல்வேலியிலிருந்து 35 கிலோமீட்டர் போல. 1994-ல் சரணாலயமாக அறிவித்த ஊர். ஆனால் ஊர்க்காரர்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே பறவைகளை வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்தவர்கள். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து குளம் நிரம்பினால் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் குளத்தில் மட்டுமல்ல, தெருவிலும் கொல்லைப்புறத்திலும் இருக்கும் மரங்களில்கூடக் கூடு கட்டிவிடும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். 600 எம்.எம். கொண்டுபோனால் நாரையின் மூக்கு மட்டும்தான் படத்தில் விழும்!

அங்கே ஒரு வீட்டு வாசலில், மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு ஆச்சி எட்டிப் பார்த்தாள்.

"படம் எடுக்க வந்தியளா? கொஞ்சம் அங்கிட்டு நில்லு தாயி. குஞ்சு ஒன்னயவே பாக்கு பாரு."

நான் தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். கையில் என் பழைய பீரங்கி மாதிரி ஒன்று. பறக்கும் படம் வேண்டும் போலிருக்கிறது. மரத்தைப் பார்த்து இரண்டு தடவை கை தட்டினார். நாரை எழும்பியது. அவர் சடசடவென்று எடுத்தார். எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு காக்கை கூட்டில் இறங்கியது. நாரை திரும்பி வருவதற்குள் ஒரு முட்டை காக்கை வாயில்.

ஆச்சி வாசலுக்கு வந்து அவரை ஏசிய ஏச்சை நான் எழுத முடியாது. எழுதினால் ஆசிரியர் அச்சிடமாட்டார். அவர் காரில் ஏறிப் போய்விட்டார். நாரை அந்தக் கூட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தது. அன்று நான் ஒரு படமும் எடுக்கவில்லை.

'கிட்டப் போங்கள்' என்று மேலே எழுதினேனே, அது கூட்டுக்குப் பொருந்தாது. கூடு, முட்டை, குஞ்சு இருக்கும் இடத்தில் தள்ளித்தான் நிற்க வேண்டும். பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால், கத்தினால், கொண்டுவந்த இரையை வாயில் வைத்துக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் தயங்கினால், நீங்கள் அதிகம் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பல புகைப்படப் போட்டிகளில் கூட்டுப் படங்களை ஏற்றுக்கொள்வதே இல்லை. செல்போனில் பறவையின் குரலைப் போட்டு வரவழைக்கும் பழக்கமும் வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொரு பறவை வந்துவிட்டது என்று அது பதறி வருகிறது. நமக்கு அது பாட்டு, அதற்கு அது சண்டை.

நீண்ட லென்ஸுக்கு நியாயமான இடமும் உண்டு. வேடந்தாங்கலில் நாம் கரைமேல்தான் நடக்க முடியும், பறவைகள் ஏரிக்குள் மரங்களில் இருக்கும். நடுவில் தண்ணீர். அங்கே எட்டு வைக்க வழியில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்கே வாராவாரம் போகிறவர்கள் 500, 600 வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஆக, கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை எம்.எம்.?' இல்லை. 'வழக்கமா எங்கே போவீங்க?'

வெளிச்சமும் ரவையும்

எடை குறைந்தால் எதையாவது கொடுத்துத்தானே ஆகவேண்டும்? கொடுப்பது வெளிச்சம். எஃப் 5.6-லிருந்து எஃப் 8-க்குப் போனால் வெளிச்சம் பாதியாகும். எஃப் 11-க்குப் போனால் கால்வாசி. பறக்கும் பறவையை அசைவில்லாமல் பிடிக்க 1/2000 விநாடி வேகம் வேண்டும். உட்கார்ந்திருக்கும் கொக்குக்கு 1/250 கூடப் போதும். வெளிச்சம் போதாதபோது காமிரா ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டும். கூட்டக் கூட்டப் படத்தில் ரவையைத் தூவினாற்போலப் புள்ளி விழும். முன்பு இது பெரிய குறை. இப்போது கம்ப்யூட்டரில் புள்ளியைத் துடைக்கும் மென்பொருள்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆகவே ஏழு மணிக்கு மேல் வெயிலில் எடுக்கிறவர்கள் எஃப் 8-க்கு அஞ்ச வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இருண்ட காடுகளில் எடுக்கிறவர்களுக்குத்தான் அது கஷ்டம்.

கை நடுக்கத்தைச் சமாளிக்கும் கருவி ஒன்று லென்ஸுக்குள்ளேயே இருக்கும். கானன் அதை ஐ.எஸ். என்கிறது, நிக்கான் வி.ஆர்., டாம்ரான் வி.சி., சிக்மா ஓ.எஸ்., சோனி ஓ.எஸ்.எஸ். பெயர் ஐந்து, காரியம் ஒன்று. அவசியம் இருக்க வேண்டும். ஆனால் அது நிறுத்துவது உங்கள் கையின் ஆட்டத்தைத்தான். வாலாட்டிக் குருவியின் வாலை அது நிறுத்தாது!

பன்னிரண்டு மணி வெயிலில் குளத்துக்கு அக்கரையில் நிற்கும் பறவையை எந்த லென்ஸாலும் எடுக்க முடியாது. தோசைக்கல்லுக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே நெளிவுதான். படம் கலங்கலாக வரும். லென்ஸைப் பழி சொல்லாமல் வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள்.

என்னதான் வாங்கலாம்?

நான் வாங்கியது கானன் ஆர்.எஃப். 100-400. 2021-ல் வந்தது. 635 கிராம். ஆர்10 என்ற காமிரா 429 கிராம். இரண்டும் சேர்ந்து 1,064 கிராம், ஒரு லிட்டர் பாட்டில்! 400-இல் எஃப் 8 தான், மாலை ஐந்தரைக்கு மேல் ரவை விழத்தான் செய்கிறது. ஆனால் ஒரு மீட்டர் கிட்டத்தில்கூட எடுக்கும். ஒயர்க் கூடையில் துண்டைப் போட்டு மூடிக் கொண்டுபோகிறேன். பீரங்கி இருந்தபோது குளத்தங்கரையில் போவோர் வருவோரெல்லாம் "என்ன மேடம், டிவியா, பத்திரிகையா?" என்று வந்து நிற்பார்கள். தனியாகப் போகிற பெண்ணுக்கு அது ஒரு தொந்தரவு. இப்போது கீரை வாங்கப் போகிறவள் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

நிக்கான் வைத்திருக்கிறவர்கள் 300 எம்.எம். எஃப் 4 பி.எஃப். என்ற லென்ஸைப் பழையதாகத் தேடலாம். 755 கிராம்தான், வெளிச்சமும் தாராளம். ஜூம் கிடையாது. ஒலிம்பஸ் காமிராக்களிலும் பானசானிக்கின் பல காமிராக்களிலும் சென்ஸார் இன்னும் சின்னது. அவற்றில் 300 எம்.எம். போட்டால், பெரிய சென்ஸாரில் 600 போட்டது மாதிரி தெரியும். ஒலிம்பஸின் 75-300 லென்ஸ் அரைக் கிலோகூட இல்லை, 423 கிராம். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

லென்ஸ் மாற்றும் வேலையே வேண்டாம், என்ன பறவை என்று தெரிந்தால் போதும் என்கிறவர்களுக்கு நிக்கான் பி950 மாதிரி லென்ஸும் காமிராவும் ஒன்றாகவே இருக்கும் ரகம் உண்டு. ஒரு கிலோ எடையில் எங்கேயோ இருக்கும் பறவையை இழுத்துக் காட்டும். சென்ஸார் சுண்டு விரல் நகத்தைவிடச் சிறிது, ஆகவே பெரிதாக அச்சிட்டால் அழகு குறையும். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும் பிள்ளைகள், படத்தின் அழகைப் பார்ப்பதில்லை. உள்ளானா, கொசு உள்ளானா என்று தெரிந்தால் அவர்களுக்குச் சந்தோஷம்.

முதன்முதல் வாங்குகிறவர்கள் ஜூம் வாங்குவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். 600-இல் நேராகக் குருவியைத் தேடுவது இருட்டில் ஊசியில் நூல் கோப்பது மாதிரி. இலைதான் தெரியும், குருவி தெரியாது. 100-இல் கண்டுபிடித்து, பிறகு 400-க்கு நீட்ட வேண்டும்.

கனத்த லென்ஸ் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? விற்க வேண்டாம், ஒற்றைக் கால் ஸ்டாண்டு ஒன்று வாங்கிவிடுங்கள். எடையைத் தரை சுமக்கும். இன்னும் மலிவான வழி, பிள்ளைகளின் பழைய ஜீன்ஸ் காலை ஒரு முழம் வெட்டி இரு பக்கமும் தைத்து, ஒரு பக்கம் ஜிப் வையுங்கள். உள்ளே இரண்டு கிலோ காய்ந்த பட்டாணி. மதில் மேலோ கார் ஜன்னலிலோ வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்தால் குழந்தை மாதிரி அசையாமல் படுத்துக்கொள்ளும். ஊருக்குப் போகும்போது வெறும் பையாக மடித்துக்கொண்டு, போன இடத்தில் பட்டாணி வாங்கி நிரப்பலாம். திரும்பி வந்தால் சுண்டல்!

பிடிக்கும்போது இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டவைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா கற்றுக்கொடுத்தார். வாரைக் கழுத்தில் மாட்டாமல் பூணூல் மாதிரி குறுக்கே போட வேண்டும். வலி இருந்தால் அன்றைக்கு வெறும் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச்சைக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் வெளிச்சம் அடித்து மறுபக்கம் பாருங்கள். கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்குப் புது லென்ஸிலும் அது வந்துவிடும். தோல் உறையில் போட்டுப் பட்டுப் புடவைக்கு நடுவில் பூட்டி வைக்கிறோமே, பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். வாரம் இரண்டு நாள் வெளியே எடுத்து உபயோகியுங்கள். அரிசி டப்பாவில் புதைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், தவிட்டுத் தூசி உள்ளே போய்விடும்.

போன வாரம் மைனி, அவருடைய அக்கா, தென்காசியிலிருந்து வந்திருந்தாள். என் தேன்சிட்டுப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், அதைப் பார்த்ததும் அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. "மருமகன் சென்னைக்குப் போறாரு. அந்த 600 எம்.எம். சொல்லிவிடட்டுமாட்டி?"

"சொல்லலாம் மைனி. மொதல்ல இதைப் பிடிங்க" என்று பிரிட்ஜிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே முருங்கையில் ஒரு சிட்டு தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்துக்கொண்டிருந்தது. மைனி அதைப் பார்த்துப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"கை ஆடுதுட்டி" என்றாள், நாற்பதாவது விநாடியில். சிட்டு இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.